முதலில் விதி எண்ணைப் பாருங்கள்



இருபது ஆண்டுகளாக அடுத்தவருக்குக் குறிப்பாணை எழுதி, ந.க.எண் போட்டு, சார்வு செய்ய அனுப்பிய இருக்கை எழுத்தருக்கே தன் பெயர் போட்ட உறை ஒன்று வந்துவிட்டால் கை நடுங்கத்தான் செய்கிறது. நமக்கு வரும் கடிதங்களில் அந்த நடுக்கம் தெரிகிறது. நான்கு பக்கம் எழுதுகிறார்கள். மேலதிகாரிக்குத் தன்மேல் என்ன கோபம், அந்தக் கோப்பில் உண்மையில் என்ன நடந்தது, யார் போட்டுக்கொடுத்தது, இத்தனை வருடச் சேவைக்கு இதுதானா மரியாதை, எல்லாம் இருக்கிறது. எந்த விதியின் கீழ் குறிப்பாணை வந்தது, எந்தத் தேதியில் கைக்குக் கிடைத்தது என்ற இரண்டு விவரம் மட்டும் இருப்பதில்லை. அந்த இரண்டும் தெரியாமல் எந்த வழக்கறிஞரும் சங்கப் பொறுப்பாளரும் உருப்படியாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஆகவே இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் காகிதத்தில் வரும் சொற்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள் இருக்கின்றன. அதில் 17-ஆவது விதிதான் நம் எல்லோருக்கும் பழக்கம். ‘பதினேழு ஏ’ வந்திருக்கிறது, ‘பதினேழு பி’ கொடுத்துவிட்டார்கள் என்று பேசிக்கொள்கிறோம். காவல் துறையில் இதே இடத்தில் 3(ஏ), 3(பி) என்பார்கள். அவர்களுக்குத் தனி விதித்தொகுப்பு. மத்திய அரசு ஊழியருக்கு 1965-ஆம் ஆண்டு விதிகளில் 16, 14 என்ற எண்கள் அதே வேலையைச் செய்கின்றன. எண் மாறினாலும் கணக்கு ஒன்றுதான். ஒன்று சிறு தண்டனைக்கான பாதை, மற்றது பெருந்தண்டனைக்கான பாதை.

17(அ), அதாவது ‘பதினேழு ஏ’ என்றால் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்பார்கள். விளக்கத்தைப் பரிசீலித்து ஆணை போடலாம். சாட்சிகளை அழைத்து வாய்மொழி விசாரணை நடத்தியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. கண்டனம், தொடர் விளைவில்லாத ஊதிய உயர்வு நிறுத்தம், அரசுக்கு ஏற்பட்ட நட்டத்தைச் சம்பளத்தில் பிடித்தல் போன்றவை இந்தப் பக்கம் வரும். 17(ஆ), அதாவது ‘பதினேழு பி’ என்றால் வேலையே போகும் வாய்ப்புள்ள பாதை. பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, ரிமூவல், டிஸ்மிசல் எல்லாம் அங்கே இருக்கின்றன. அதனாலேயே திட்டவட்டமான குற்றச்சாட்டு, ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல், விசாரணை அலுவலர், குறுக்கு விசாரணை என்று பாதுகாப்புகளும் அங்கேதான் அதிகம். சிலர் 17(அ) என்றதும் நிம்மதியாகி இரண்டு வரியில் பதில் எழுதிவிடுகிறார்கள். கடுமை குறைந்த பாதையில் உங்களுக்குப் பேசக் கிடைக்கும் இடமும் குறைவு. அந்த ஒரு விளக்கம்தான் உங்கள் முழு வாதமும்.

ரிமூவல், டிஸ்மிசல் இரண்டிலும் வேலை போய்விடும். முதலாவதில் பிறகு வேறு அரசு வேலைக்குப் போக விதித்தடை இல்லை. இரண்டாவதில் சாதாரணமாக அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. கட்டாய ஓய்வில் ஓய்வூதியம் உண்டு, அது குறைக்கப்படலாம்.

ஊதிய உயர்வு நிறுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஆணையில் ‘தொடர் விளைவின்றி’ என்று இருக்கிறதா, ‘தொடர் விளைவுடன்’ என்று இருக்கிறதா என்பதைப் பாதிப்பேர் கவனிப்பதில்லை. உங்கள் ஆண்டு ஊதிய உயர்வு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொடர் விளைவின்றி ஓராண்டு நிறுத்தினால் இழப்பு 18,000 ரூபாய். ஆண்டு முடிந்ததும் பழைய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். தொடர் விளைவுடன் என்றால் அந்தப் படி திரும்ப வராது. இன்னும் 15 ஆண்டு பணி பாக்கி இருந்தால் அடிப்படைச் சம்பளத்தில் மட்டும் 2,70,000 ரூபாய். அதன்மேல் அகவிலைப்படி, பிறகு ஓய்வூதியம், பிறகு குடும்ப ஓய்வூதியம் வரை அந்தப் பள்ளம் நீள்கிறது. இந்த வித்தியாசத்தை உணர்ந்துதான் 1990-ல் பஞ்சாப் ஊழியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடர் விளைவுடன் நிறுத்துவது பெருந்தண்டனைக்குச் சமம், முறையான விசாரணை இல்லாமல் அதை விதிக்க முடியாது என்றது. ‘இன்கிரிமென்ட் கட், அவ்வளவுதானே’ என்று ஆறுதல் சொல்லும் நண்பரிடம் ஆணையின் அந்த ஒற்றைச் சொல்லைக் காட்டிக் கேளுங்கள்.

அடுத்தது சார்வு, அதாவது குறிப்பாணையை உரியவர் கையில் சேர்ப்பது. குறிப்பாணையை வாங்கமாட்டேன் என்று மறுத்தால் தப்பிக்கலாம் என்றொரு நம்பிக்கை நம் அலுவலகங்களில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. வாங்க மறுத்தால் பதிவு அஞ்சலில் வரும். அதுவும் திரும்பினால் வீட்டுக் கதவில் ஒட்டுவார்கள். கோப்பில் ‘சார்வு செய்யப்பட்டது’ என்று ஏறிவிடும். அதற்குள் விளக்கம் கொடுக்கவேண்டிய நாட்கள் ஓடியிருக்கும். ஒப்பம் போட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சமும் வேண்டியதில்லை. அது காகிதம் கிடைத்ததற்கான ஒப்பம் மட்டுமே. கையெழுத்துக்குக் கீழே தேதியையும் போடுங்கள், இணைப்புகள் எத்தனை பக்கம் என்பதையும் எழுதுங்கள். வழக்கமாக இணைப்பு ஒன்றில் குற்றச்சாட்டு, இரண்டில் அதன் விவரம், மூன்றில் ஆவணங்கள், நான்கில் சாட்சிகள். மூன்றாவது இணைப்பில் ஆவணத்தின் பெயர் மட்டும் இருந்து ஆவணம் இல்லாதிருந்தால் நகல் கேட்டோ, பார்வையிட அனுமதி கேட்டோ எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். குற்றச்சாட்டுக்கு ஆதாரமான ஆவணத்தைக் காட்டாமல் பதில் மட்டும் கேட்பது நியாயமான வாய்ப்பு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டதற்குத் தாளில் சாட்சி இருக்கவேண்டும். கண்காணிப்பாளரிடம் வாயால் கேட்டது கோப்பில் ஏறாது.

விசாரணை அலுவலர் என்பவர் நியாயமாக இருந்தால் மட்டும் போதாது, அந்த இடத்தில் உட்காரத் தகுதியானவராகவும் இருக்கவேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தலைமைக் காவலரின் கதை சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். அவர்மேல் துறை விசாரணை நடத்திய காவல் அதிகாரி, சாட்சி ஒருவர் மாற்றிச் சொன்னதும், தானே சாட்சிக் கூண்டில் ஏறி வாக்குமூலம் கொடுத்துவிட்டு, திரும்ப நாற்காலிக்கு வந்து தன் சாட்சியத்தைத் தானே நம்பி, 1948 டிசம்பரில் டிஸ்மிஸ் செய்தார். 1957-ல் உச்ச நீதிமன்றம் இது இயற்கை நீதிக்கு முற்றிலும் விரோதம் என்றது. அவருக்கு வேலை கிடைத்ததா? இல்லை. டிஸ்மிசல் ஆணை அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன் போடப்பட்டது, உயர் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரம் தரும் அதன் 226-ஆவது பிரிவை முன்தேதியிட்டுப் பயன்படுத்த முடியாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் முறையீட்டை ஏற்றுவிட்டார்கள். அவருடைய சீராய்வு மனு தள்ளுபடியானது 1950 ஏப்ரலில், அதாவது அரசியலமைப்பு வந்த பிறகு. அந்தத் தேதியும் அவரைக் காப்பாற்றவில்லை. நீதிபதி விவியன் போஸ் மட்டும் மாறுபட்டார். அந்தத் தலைமைக் காவலர் வாதத்தில் ஜெயித்து வழக்கில் தோற்றதால் கிடைத்த கொள்கையைக் கொண்டுதான், ஏற்கெனவே விவகாரத்தில் தொடர்புடைய அதிகாரி விசாரணை அலுவலராக வரும்போது இன்று நாம் ஆட்சேபிக்கிறோம். ஆட்சேபத்தை முதல் நாளே எழுத்தில் வையுங்கள். அறிக்கை பாதகமாக வந்தபிறகு சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சாட்சியத்தின் அளவைப் பற்றி நம்மவர்களுக்கு இருக்கும் எதிர்பார்ப்பு சினிமா நீதிமன்றத்திலிருந்து வந்தது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கவேண்டும். துறை விசாரணையில் அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்டினால் போதும். சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளும் அப்படியே பொருந்தாது. அரியானாவில் ஒரு பஸ் கண்டக்டர். பறக்கும் படை ஏறிப் பார்த்தபோது காசு கொடுத்தும் டிக்கெட் கிடைக்காத பயணிகள் 11 பேர் இருந்தார்கள். விசாரணைக்கு அந்தப் பயணிகளில் ஒருவரைக்கூட அழைக்கவில்லை. ஆய்வாளர் சொன்னதை வைத்தே வேலை போனது. கீழ் நீதிமன்றங்கள் எல்லாம் கண்டக்டர் பக்கம். 1977-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புகளை மாற்றியது. பயணிகளை ஊர் ஊராகத் தேடிப் பிடித்து வரவேண்டியதில்லை, ஏதோ ஒரு பொருத்தமான சாட்சியம் இருந்தால் போதும் என்றது. எழுதியவர் தொழிலாளர் பக்கம் நிற்பவர் என்று பெயரெடுத்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். ‘நேரில் பார்த்த சாட்சி இல்லையே’ என்று மட்டும் விளக்கம் எழுதிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது.

குற்ற வழக்கில் விடுதலையாகிவிட்டால் துறை நடவடிக்கை தானாக விழுந்துவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1999-ல் தென்காசிப் பேருந்து நிலையத்தில், கணவருடன் நின்றிருந்த பெண்ணிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தமிழகக் காவலர் ஒருவர்மேல் புகார். துறை அவரை நீக்கியது. குற்ற வழக்கில் சாட்சிகள் பிறழ்ந்துவிட்டதால் விடுதலை. அந்த விடுதலையைக் காட்டி வேலை கேட்டவருக்கு 2012-ல் உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. சாட்சி பிறழ்ந்து கிடைத்த விடுதலை வேறு, கௌரவமான விடுதலை வேறு என்று அங்கே பிரித்துச் சொன்னது. மற்றது கோலார் தங்கவயல் பாதுகாப்பு அதிகாரியின் வழக்கு. போலீஸ் அவர் வீட்டைச் சோதனையிட்டுத் தங்கம் எடுத்ததாகச் சொன்ன அதே சம்பவம், அதே சாட்சிகள், இரு பக்கமும். சோதனை நடந்ததே நிரூபணமாகவில்லை என்று குற்ற நீதிமன்றம் விடுவித்தது. அப்படியிருக்க அதே சாட்சியத்தை வைத்துத் துறை போட்ட டிஸ்மிசல் நிற்காது என்று 1999-ல் தீர்ப்பு வந்தது. உங்கள் விடுதலை எந்த ரகம் என்பதைத் தீர்ப்பின் கடைசிப் பத்திகள் சொல்லும்.

அந்தக் கோலார் வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது. இடைநீக்கத்தில், அதாவது சஸ்பெண்டில் இருந்த அவருக்கு அந்தக் காலத்துக்குரிய பிழைப்பூதியம் தரவில்லை. கையில் காசில்லாமல், உடம்பும் சரியில்லாமல், கேரளத்தில் இருந்த அவரால் விசாரணைக்கு வரமுடியவில்லை. அவர் இல்லாமலே விசாரணை முடிந்தது. பிழைப்பூதியத்தை நிறுத்திவிட்டு நடத்திய விசாரணை செல்லாது என்றது நீதிமன்றம்.

சஸ்பெண்ட் என்று நாம் சொல்லும் இடைநீக்கம், அதாவது தற்காலிகப் பணிநீக்கம், நமக்கு 17(உ)-வின் கீழ் வருகிறது. விசாரணைக்கு இடைஞ்சல் வராதிருக்க ஊழியரை ஒதுக்கி வைப்பது அதன் நோக்கம். குற்றம் முடிவாகிவிட்டது என்று பொருளில்லை. ஊர் அப்படிப் பார்ப்பதில்லை என்பது வேறு. அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் அப்பாவைப் பற்றிப் பிள்ளைகள் பள்ளியில் என்ன சொல்வார்கள்? 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் ஆணை இல்லாமலே இடைநீக்கமாகக் கருதப்படும். பிழைப்பூதியம் பாதிச் சம்பளம் அளவில் தொடங்குகிறது. தாமதத்துக்கு ஊழியர் காரணமில்லை என்றால் பிறகு கூட்டித் தரவேண்டும். வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்ற சான்றை மாதாமாதம் கொடுக்க மறக்காதீர்கள். பணம் நின்றுபோவது பெரும்பாலும் அங்கேதான். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் இடைநீக்கத்தை நீட்டக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அதைச் சூத்திரம்போல எல்லா வழக்குக்கும் பொருத்த முடியாது என்ற போக்கும் பின்னர் வந்திருக்கிறது. மூன்று மாதம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போய் நிற்காதீர்கள். மறுபரிசீலனை கேட்டு மனுக் கொடுங்கள்.

இந்த உரிமைகளெல்லாம் சும்மா வந்தவையல்ல. நம் தொழிலோடு ஒட்டிய ஒருவர் இந்த வரலாற்றில் இருப்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். சென்னை அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்த ஒருவரை, தேர்வு வினாத்தாள் கசிந்த சந்தேகத்தில் வெள்ளைக்கார அரசு நீக்கியது. விதிப்படி விசாரணை நடக்கவில்லை. அவர் வழக்குப் போட்டு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். அரசு ஊழியர் மன்னர் விரும்பும்வரை பதவியில் இருப்பவர், விதிகளை அதிகாரிகள் கடைப்பிடிக்கவேண்டும் என்பது உண்மைதான், ஆனால் கடைப்பிடிக்காவிட்டால் ஊழியர் நீதிமன்றம் வர உரிமையில்லை என்று 1930-களில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விதி இருந்தும் கேட்க ஆளில்லாத நிலை. அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவு அந்த நிலையை மாற்றியது. நியமித்தவருக்குக் கீழ்ப்பட்டவர் உங்களை நீக்க முடியாது. குற்றச்சாட்டைச் சொல்லி, நியாயமான வாய்ப்புக் கொடுத்து, விசாரணை நடத்தாமல் நீக்க முடியாது. 1976-ல் 42-ஆவது திருத்தம் இதில் ஒரு துண்டை வெட்டியது; தண்டனையைப் பற்றி இரண்டாவது முறை கேட்கவேண்டியதில்லை என்றாக்கியது. அதனால் விசாரணை அறிக்கையைக் காட்டாமலே தண்டனை கொடுக்கும் பழக்கம் பரவியது. 1990-லும், பிறகு அரசியலமைப்பு அமர்வின் 1993 தீர்ப்பிலும் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அறிக்கையின் நகலைக் கொடுத்து ஊழியரின் மறுப்பைக் கேட்ட பிறகே முடிவெடுக்கவேண்டும் என்று நிலைநிறுத்தியது. ‘விசாரணை அறிக்கை மீதான கூடுதல் விளக்கம்’ என்று நமக்கு வரும் கடிதத்தின் பின்னால் இத்தனையும் இருக்கிறது. அதற்குப் போய் ‘முன்பே அளித்த விளக்கத்தையே ஏற்கவும்’ என்று ஒரு வரி எழுதி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. அறிக்கையில் எந்தச் சாட்சியம் விடுபட்டது, எந்த முடிவுக்கு ஆதாரமில்லை என்று எழுதக் கிடைக்கும் இடம் அது.

வாரியங்கள், போக்குவரத்துக் கழகங்களில் இருப்போருக்கு 311 நேரடியாகப் பொருந்தாது. அவர்களுக்கு அந்தந்த நிறுவனத்தின் விதிகள், நிலையாணைகள்.

விசாரணை இல்லாமல் நீக்குவது எப்படியிருக்கும் என்று பார்க்க நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில், அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவின்கீழ் ஏறத்தாழ 2 லட்சம் பேர் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். குறிப்பாணை இல்லை, விளக்கம் இல்லை. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையாகாது என்றது. பெரும்பாலோர் நிபந்தனையற்ற மன்னிப்பும், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடத்தை விதி 22-ஐ மதிப்பேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத் திரும்பினார்கள். அந்தத் தாளில் கையெழுத்திட்டவர்கள் பலர் நம் வாசகர்கள். அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை, நானும் கிளறவில்லை.

தாமதம் ஒரு வாதம்தான், எப்போதும் வெற்றிபெறும் வாதமல்ல. வீட்டுவசதி வாரியத்தில் பொறியாளர் ஒருவருக்கு 1990-ல் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒன்றுக்காக 2000-ல் குறிப்பாணை வந்தது. பத்தாண்டுத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தேதி இன்னோரிடத்திலும் முக்கியம். பதவி உயர்வுப் பட்டியலில் உங்கள் பெயர் ‘நடவடிக்கை நிலுவையில்’ என்று தள்ளிவைக்கப்பட்டால், குறிப்பாணை பிறப்பிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். முதற்கட்ட விசாரணை நடக்கிறது என்பது நிலுவை ஆகாது; குற்றச்சாட்டுக் குறிப்பாணை பிறப்பிக்கப்பட்டால்தான் நிலுவை என்பது 1991 தீர்ப்பு.

தண்டனை ஆணை வந்தபிறகு மேல்முறையீடு. மத்திய அரசில் 45 நாள். மாநிலத்தில் ஆணையின் கடைசிப் பத்தியிலேயே யாருக்கு, எத்தனை நாளுக்குள் என்று இருக்கும். மனுவை உரிய வழியாகத்தான் அனுப்பவேண்டும், அதாவது உங்களைத் தண்டித்த அதே அலுவலகத்தின் வழியாக. முன்நகல் ஒன்றை மேல்முறையீட்டு அதிகாரிக்கு நேரே அனுப்பிவைப்பது நம் பெரியவர்கள் கண்டுபிடித்த நல்ல பழக்கம். மேசையில் மனு தூங்குவதைக் குறைக்கும். அதற்குமேல் சீராய்வு, கருணை மனு. 1988 முதல் நமக்கென மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இருந்தது, 2006-ல் கலைக்கப்பட்டு வழக்குகள் உயர் நீதிமன்றம் போயின. மத்திய அரசு ஊழியருக்கு அவர்களுடைய தீர்ப்பாயம் சென்னையில் இருக்கிறது. உயர் நீதிமன்றம் சாட்சியத்தை மறுபடி எடைபோடாது. நடைமுறை சரியா, தண்டனை மனச்சாட்சியை உலுக்கும் அளவுக்கு மிஞ்சியதா என்று பார்க்கும். விசாரணையில் நீங்கள் எழுத்தில் வைத்த ஆட்சேபங்களுக்கு அங்கேதான் உயிர் வருகிறது.

ஓய்வு பெறும் நாளின் மாலையில் சஸ்பெண்ட் ஆணை கொடுப்பது இங்கே நெடுநாள் வழக்கமாக இருந்தது. மாலை தயார், இனிப்பு தயார், கூடவே ஒரு உறை. இந்த வழக்கத்தைக் கைவிட 2021-ல் அரசு ஆணையிட்டது. ஓய்வுக்குப் பிறகு புதிதாக நடவடிக்கை தொடங்கவேண்டுமென்றால் ஓய்வூதிய விதி 9-ன்படி நான்கு ஆண்டுகளுக்கு முந்தைய சம்பவத்தைத் தொட முடியாது. இந்த ஆண்டு ஓய்வு பெறும் வாசகர்கள் தங்கள் பணிப்பதிவேட்டில் முடிக்கப்படாத குறிப்பாணை ஏதும் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். கைவிடப்பட்டது என்று வாயால் சொல்வார்கள். கைவிட்ட ஆணையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.